மூட்டையின் அடியில் ஒரு சட்டை

ஜூன் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி மட்டும் அவருக்கு ஒரு படி முன்னால் நடக்கிறது. உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா? நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது பள்ளிக்கூட ஆபீஸ் ஃபைலையே சாப்பாடாக வைத்துக்கொள்கிறாயா?

எனக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. நூலகத்து மாடியில் சனிக்கிழமைதோறும் கைத்தையல் வகுப்பு. சொல்லிக்கொடுப்பவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். வீட்டுக்காரரின் கப்பல் பட்டறை வேலைக்காக ஆறு வருஷம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்தவள். எல்லாரும் ஜப்பான் டீச்சர் என்கிறோம். முதல் நாள் ஒரு படம் காட்டினாள். ஒரு போர்வை. நீலத்தின் மேல் நீலமாக நூறு ஒட்டு. அங்கே குளிர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்குப் பருத்தி கிடைக்காதாம். கந்தலின் மேல் கந்தலை வைத்து வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டுப் பிள்ளைக்கும் பேரனுக்கும் விட்டுப்போவார்களாம். ‘போரோ’ என்று பெயர். அர்த்தமே கந்தல்தானாம்! அந்தக் கந்தலுக்கு இப்போது கண்ணாடிப் பெட்டி போட்டு மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

கிழிசல் தெரியாமல் தைப்பதுதான் தையல் என்று முப்பது வருஷமாக நினைத்திருந்தேன். இவள் தெரியட்டும் என்கிறாள். தையல் ஒவ்வொன்றும் அரிசி நீளம் இருந்தால் போதுமாம். “கடையில புதுப் போர்வை மலையா குமிஞ்சு கெடக்கு, இவ கந்தலைத் தேடிப் போறா” என்று உன் அத்தான் கேலி செய்கிறார்.

எல்லாரும் அவரவர் தொழிலைச் சொன்னோம். லேடீஸ் டெய்லர் என்றேன். “ஜென்ட்ஸ் தைக்கமாட்டீங்களா?” என்று டீச்சர் கேட்டுவிட்டாள். சொல்ல வேண்டியதாகிவிட்டது. தம்பி படகோட்டி, மழைநாளில் ஆற்றில் படகு கவிழ்ந்து அவனையும் சேர்த்துப் பதினான்கு பேர் போனார்கள், முகம் தெரியாமல், நான் தைத்துக்கொடுத்த நீலக் கோடு போட்ட சட்டையை வைத்துத்தான் அப்பா அவனை அடையாளம் சொன்னார், அன்றிலிருந்து ஆண்பிள்ளைச் சட்டைக்குக் கத்தரி வைக்க எனக்குக் கை வரவில்லை என்று. பத்தொன்பது வருஷம் கழித்தும் தவளை என்ற அவன் செல்லப்பெயரைச் சொன்னவுடன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த முட்டைக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கதை என் கதையைவிட மோசம். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அவரவர் வீட்டுத் துணியில்தான் போர்வை செய்ய வேண்டும் என்பது டீச்சர் சட்டம். அப்பாவின் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது? அவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது; இனி யார் கட்டப்போகிறார்கள்? நீலமாக எது இருந்தாலும் அனுப்பு. கிழிந்திருந்தால் இன்னும் நல்லது.

உன்னையே நினைத்திருக்கும்
அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். இங்கே நாங்கள் நலம். அவருக்கு இருமல் நின்று தும்மல் ஆரம்பித்திருக்கிறது. ஒன்று போனால் ஒன்று.

உன் ஜப்பான் போர்வையைப் பற்றி ஆபீஸில் சொன்னேன். தட்டச்சுக்காரி தன் வீட்டுத் திரைச்சீலையையே தருகிறேன் என்கிறாள். வேண்டாம், எங்கள் கந்தலே ஏழு தலைமுறைக்கு வரும் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியைத் திறக்க நான்கு நாள் யோசித்தேன். திறந்தவுடன் அப்பா எதிரே உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது, அந்த கிரீஸ் வாசனை. அவருடைய பட்டறை யூனிஃபார்ம் இரண்டு, அம்மாவின் நீல கவுன், என் பள்ளிக்கூடப் பாவாடை, பழைய மெத்தை உறை, இன்னும் சில. எல்லாவற்றையும் துவைத்து மடித்துச் சாக்குத்துணியில் கட்டி இன்று பார்சல் ஆபீஸில் போட்டுவிட்டேன்.

அக்கா, ஒன்று சொல்கிறேன். மூட்டையை நீயே பிரி. அத்தான் கையில் கொடுக்காதே. கடையில் ஆள் இருக்கும்போதும் வேண்டாம்.

சர்க்கரை மாத்திரையை மறக்காதே.

உன்
தங்கச்சி


ஜூலை 3

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்க வரவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று மதியம் கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு மூட்டையைப் பிரித்தேன். வெட்டுமேஜையில் ஒவ்வொன்றாக விரித்தேன். அப்பாவின் யூனிஃபார்ம். அம்மாவின் கவுன். உன் பாவாடையில் நான் வைத்த ஒட்டைப் பார்த்துச் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் செய்தித்தாளில் சுற்றி ஒரு சட்டை இருந்தது.

நீலக்கோட்டுச் சட்டை.

முதலில் ஏதோ சட்டை என்றுதான் நினைத்தேன். பிறகு அக்குளைத் திருப்பிப் பார்த்தேன். துடுப்புப் போட்டுப் போட்டு அவனுக்குத் தோள் அகன்றுபோய், கையைத் தூக்கினால் தையல் விட்டுவிடும் என்று சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தேனே, அந்தத் துண்டு. நீல நூல் தீர்ந்துபோய் உள்பட்டையைக் கறுப்பு நூலால் முடித்தேனே, அந்தக் கறுப்பு நூல். நான்காவது பட்டன் மட்டும் வேறு ஜாதி. “நாலாவது பட்டனை யாரு பாக்கப்போறா அக்கா” என்று அவசரப்படுத்தி வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். மறுநாள்தான் படகு கவிழ்ந்தது.

நான் நின்றபடியே இருந்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை.

இது அப்பா சவக்கிடங்கில் பார்த்ததாகச் சொன்ன சட்டை. இந்தச் சட்டையை வைத்துத்தான் அவனை அவன் என்று சொன்னார். இது எப்படி அப்பாவின் பெட்டிக்கு வந்தது?

உடனே பதில் எழுது.

அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் கடிதம் பார்த்துப் பதறிவிட்டேன். உனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடப்போகிறது.

அது அவன் சட்டையாக இருக்காது. நீ அதே துணியில் அப்பாவுக்கும் ஒன்று தைத்திருப்பாய், மறந்திருப்பாய். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் அவன் துணிமணிகளைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அப்பா சொல்லாமல் பெட்டியில் வைத்திருப்பார். பெற்ற மனசுதானே.

மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பார்க்கக் கஷ்டமாக இருந்தால் அந்தச் சட்டையை மட்டும் திருப்பி அனுப்பிவிடு. போர்வை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. ஆபீஸ் கூரை ஒழுகி, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

உன்
தங்கச்சி


ஜூலை 16

தங்கச்சி,

தையற்காரியிடம் துணியைப் பற்றிப் பொய் சொல்லாதே.

அந்தத் துணி ஒரு சட்டைக்குத்தான் இருந்தது. மிச்சத்தில் அக்குள் துண்டு வைக்கவே இழுத்துப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள் என்கிறாய். “சட்டை நார்நாராக் கிழிஞ்சிருந்துது, அதோடயே அடக்கம் பண்ணிட்டோம்” என்று அப்பா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நீ பக்கத்தில்தான் நின்றாய். இந்தச் சட்டையில் ஒரு இழைகூடப் பிசகவில்லை. யாரோ துவைத்திருக்கிறார்கள். இஸ்திரி போட்டு மடித்திருக்கிறார்கள். மடிப்பிலே துணி வெளுத்திருக்கிறது. ஒரே மடிப்பில் பல வருஷம் இருந்தால்தான் அப்படி வெளுக்கும்.

அந்தப் பெட்டியில் அம்மா துணிகூட நைந்துபோயிருக்கிறது. இந்தச் சட்டைக்கு மட்டும் பூச்சி உருண்டை போட்டுப் பாதுகாத்தது யார்?

மூட்டையை நீயே பிரி என்று ஏன் எழுதினாய்?

அக்கா


ஆகஸ்ட் 9

தங்கச்சிக்கு,

இருபத்துநான்கு நாள் ஆகிவிட்டது. போன் செய்தால் உன் வீட்டுக்காரர் எடுத்து, நீ குளிக்கிறாய் என்கிறார். மூன்று முறையும் குளிக்கிறாய். நல்ல சுத்தம்.

இனி போன் செய்யமாட்டேன். நீ செய்தாலும் எடுக்கமாட்டேன். போனில் பேசியது காற்றோடு போய்விடும். காகிதத்தில் வேண்டும்.

போர்வை பாதியில் நிற்கிறது. சனிக்கிழமை டீச்சர், “ஏன் ஊசியைக் கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க?” என்றாள். முட்டைக்காரம்மாதான், “அவங்களுக்குக் கண் வலி” என்று எனக்காகப் பொய் சொன்னாள். அவள் கதையை எழுதுகிறேன் என்றேனே. கேள்.

படகு கவிழ்ந்த அதே நாள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பிய அவள் புருஷன் திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். பதினான்கு உடலுக்கும் ஆள் வந்து வாங்கிக்கொண்டுபோய்விட்டார்கள், உன் ஆள் இதில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர் படகில் ஏறியதைப் பார்த்தவர் யாருமில்லை. அப்படியென்றால் யாரையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இவள் வாய்தான் துரத்திவிட்டது என்று மாமியார் வீட்டில் வெளியே தள்ளினார்கள். இன்றைக்கும் முட்டை வாங்கும்போது, “என்ன, உன் ஆளு லெட்டர் போட்டானா?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்குக் கல்லறையாவது இருக்கிறது, உனக்கு அதுவும் இல்லையே என்று சொன்னேன்.

நேற்றுக் கல்லறைக்குப் போனேன். தவளையின் பெயர் வெட்டிய கல்லுக்கு முன்னால் நின்றேன். அழுகை வரவில்லை. தவளை எப்படி முழுகும் என்று அன்றைக்கே கேட்டேன். விதி என்று அப்பா சொன்னார். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

ஒரே ஒரு கேள்வி. அவன் உயிரோடு இருக்கிறானா? கதை வேண்டாம். ஒரு சொல் போதும்.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

இருக்கிறான்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு இரண்டு நாள் காகிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். மீதியையும் எழுதுகிறேன். படித்துவிட்டு நீ என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

படகு கவிழ்ந்த அன்று மாலை ஐந்து மணிக்கு, சேறும் சகதியுமாக என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றான். கீழே வெகுதூரம் தள்ளிக் கரையேறி, நாணலுக்குள் ஒளிந்திருந்து, மணல் லாரியில் ஏறி வந்திருக்கிறான். பல் கிட்டிப்போய் பேச்சு வரவில்லை. “முப்பத்தோரு பேரை ஏத்திட்டேன். இருபது பேர்தான் ஏத்தணும்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அங்கே செத்தவர்களின் சொந்தக்காரர்கள் படகு முதலாளி வீட்டை உடைத்துவிட்டு, படகோட்டி கிடைத்தால் உரித்துத் தொங்கவிடுவோம் என்று கரையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள். போலீசும் தேடியது. என் வீட்டுக்காரர் சட்டை ஒன்றைக் கொடுத்து மாற்றச் சொன்னேன். அந்த நீலக்கோட்டுச் சட்டை என் வீட்டிலேயே தங்கியது அப்படித்தான்.

மறுநாள் காலையில் இவர் அப்பாவிடம் சொல்லப் போனார். அப்பா சவக்கிடங்கில் பிள்ளையைத் தேடி நின்றிருந்தார். பதிமூன்று உடலுக்கும் ஆள் வந்தாகிவிட்டது. இவர் அப்பாவின் காதில், “உயிரோட இருக்கான், எங்க வீட்டுலதான்” என்று சொன்ன அதே நொடியில், அங்கிருந்த ஆள் கடைசித் துணியை விலக்கி, “இது யாரோடது?” என்று கேட்டிருக்கிறான். அப்பா, “என் மகன்” என்று சொல்லிவிட்டார்.

யோசித்துச் சொன்னதில்லை அக்கா. வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்தபிறகு பொறுக்கி எடுக்க வழி தெரியவில்லை. சட்டையை வைத்து அடையாளம் கண்டேன் என்பது பிறகு உனக்குச் சொன்ன கதை. படகோட்டியும் செத்தான் என்றவுடன் கேசும் அதோடு முடிந்தது.

அம்மாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. அம்மா அழவே இல்லை, கல்லாகிவிட்டாள் என்று நீ சொல்லுவாயே. அழ வரவில்லை அவளுக்கு. நடிக்கத் தெரியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

உனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்கு எதையும் மறைக்க வராது என்று அப்பா சொன்னார். அது பாதிதான் உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீ அந்தச் சவப்பெட்டியின் மேல் விழுந்து அழுததைப் பார்த்துத்தான் ஊரே நம்பியது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். உன் அழுகை எங்களுக்குத் தேவைப்பட்டது, அக்கா.

அவன் இங்கிருந்து ஒன்றரை நாள் பயணத்தில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் வேறு பெயரில் வேலை பார்க்கிறான். கல்யாணம் ஆகவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் முதலில் உன்னைத்தான் கேட்பான்.

சாகும்போது அப்பா இடது கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். மகன் என்று சொல்லி அடக்கம் செய்த அந்த ஆளின் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக இருந்ததாம். “யாரு பெத்த புள்ளையோ” என்றார். அதுதான் அவர் பேசிய கடைசி வார்த்தை.

உன் முதல் கடிதத்தில் முட்டைக்காரம்மா என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அவள் யாராக இருப்பாள் என்று ஒன்றும் தெரியாமல்தான் மூட்டை கட்டினேன். ஆனால் சட்டையைத் தெரியாமல் வைக்கவில்லை. தெரிந்துதான் வைத்தேன். என் வாயால் சொல்ல முடியவில்லை. உன் தையல் உன்னிடம் சொல்லட்டும் என்று விட்டேன். சொல்லியதும் பயந்துபோய்ப் பொய் எழுதினேன்.

தங்கச்சி என்று கையெழுத்துப் போட எனக்குத் தகுதி இல்லை.


செப்டம்பர் 22

உனக்கு,

கடிதம் வந்து பதினெட்டு நாள். முதல் மூன்று நாள் நான் யாரிடமும் பேசவில்லை. உன் அத்தான் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார். பிள்ளை செத்த வீட்டில் எல்லாரும் நடித்தார்கள், நான் ஒருத்திதான் நிஜமாக அழுதேன் என்று எந்த டாக்டரிடம் சொல்வது? சொல்லு.

ஆத்திரத்தை எழுத இது நேரமில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

கட்டைவிரல் என்று படித்த இடத்திலேயே அவள் புருஷன்தான் எனக்கு நினைவுக்கு வந்தார், திரும்பி வராத அந்த ஆள். முந்தாநாள் முட்டைக்காரம்மா கடைக்கு வந்தாள். தன் போர்வைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“உங்க வீட்டுக்காரருக்குக் கையில ஏதாவது அடையாளம் உண்டா?”

ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். “இடது கட்டைவிரல். சின்ன வயசுல கதவுல நசுங்கி, நகம் ரெண்டாப் பொளந்தே வளரும். துணியில மாட்டிக்கும், அதுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவ கத்துவாரு. ஏன் கேக்கறீங்க?”

மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அப்பா சொன்ன பொய்யை, கல்லறையை, தவளையை, எல்லாவற்றையும். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நூல் தொங்கத் தொங்கப் போர்வையை வைத்துவிட்டு, முட்டைக்கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் செருப்புப் போடாமல் பின்னால் ஓடினேன். பக்கத்து வீட்டு வாசலில் நின்று, உரத்த குரலில் சொன்னாள்.

“கேட்டுக்கோங்க. என் வீட்டுக்காரரு ஓடிப்போகல. செத்துட்டாரு.”

அடுத்த வீடு. “செத்துட்டாருங்க. ஆத்துலதான். பத்தொம்பது வருஷமா நம்ம கல்லறைத் தோட்டத்துலயே படுத்திருக்காரு.”

அதற்கடுத்த வீட்டில்தான் லெட்டர் போட்டானா என்று கேட்கிற கிழவர். அவர் முகத்துக்கு நேரே, “இனிமே கேக்காதீங்க. செத்தவரு லெட்டர் போடமாட்டாரு” என்றாள். தெரு முழுக்க நடந்தாள். அவள் முகத்தில் இருந்ததை என்னவென்று சொல்வேன்? புருஷன் செத்ததைச் சொல்கிறவள் முகம் அப்படி நிமிர்ந்திருந்து நான் பார்த்ததில்லை. நான் நடுத்தெருவில் வெறுங்காலோடு விக்கித்து நின்றேன்.

திரும்பி வந்தாள். கூடையில் ஒரு முட்டைகூட உடையவில்லை.

“ஒங்க தம்பியை வரச்சொல்லுங்க” என்றாள். “அடிக்க இல்ல, பிடிச்சுக் குடுக்க இல்ல. அவரைக் கடைசியாப் பாத்தது அவன்தானே? அன்னிக்கு எப்படி இருந்தாருன்னு அவன் வாயால நான் கேக்கணும்.”

அவன் விலாசம் எனக்கு வேண்டாம். நீயே எழுது.

அக்கா


அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

தவளை எழுதுகிறேன். நலமா என்று கேட்கவும் நலம் என்று எழுதவும் கை கூசுகிறது.

சின்னக்கா எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். உன் கடிதத்தையும் அப்படியே வைத்து அனுப்பியிருந்தாள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் நின்று படித்தேன். மேஸ்திரி வந்து உலுக்கினபிறகுதான் கால் மரத்துப்போயிருப்பது தெரிந்தது.

நான் சாகவில்லை என்பது எனக்குத் தெரியும். என் இடத்தில் ஒருவர் படுத்திருக்கிறார் என்பதும் தெரியும். அவருக்கு ஒரு பெண்சாதி இருப்பாள், அவளை ஊர் இப்படிப் பேசும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். பழக்கம் எதையும் மறைத்துவிடும்.

முதலாளி, மழை வருது, ஒரே நடையில முடி என்றார். அவர் மேல் பழி போட்டுப் பத்தொன்பது வருஷம் தூங்கினேன். கயிற்றை அவிழ்த்தது நான்தான்.

அந்த ஆளை எனக்கு நினைவிருக்கிறது, அக்கா. நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் காகிதத்தில் எழுதமாட்டேன். அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்கிறேன். இருபத்தைந்தாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வரவேண்டாம். உன்னைத் தெருவில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தவளை


நவம்பர் 14

தங்கச்சிக்கு,

உன் மூன்று கடிதமும் வந்தன. பதில் போடாததற்குக் காரணம் கோபம் மட்டுமில்லை. நடந்ததை எங்கிருந்து எழுதுவது என்று தெரியவில்லை.

இருபத்திரண்டு வயதில் நான் புதைத்தவன் நாற்பத்தொரு வயதில் என் கடை வாசலில் நின்றான். தலை வழுக்கை, லேசான தொந்தி. அப்பா எழுந்து வந்துவிட்டார் என்று ஒரு கணம் அரண்டுபோனேன். “அக்கா” என்றான். குரல் மட்டும் மாறவே இல்லை. அந்தக் குரல்தான் என்னைச் சாய்த்தது. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

முட்டைக்காரம்மா ஏற்கெனவே உள்ளே இருந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“படகுல எங்க உக்காந்திருந்தாரு?”

“இன்ஜின் பக்கத்துலங்க. நான் கயித்தை அவுத்து, கரையை விட்டுத் தள்ளிட்டேன். மேட்டுல இருந்து ஓடி வந்து ஒரே தாவாத் தாவி ஏறினாரு. எல்லாரும் மழைக்குத் தலையை மூடிக் குனிஞ்சிருந்தாங்க. அதனாலதான் யாரும் பாக்கல.”

“உன்கிட்ட ஏதாவது பேசினாரா?”

“வேணாம்மா.”

“சொல்லு.”

“ஏறி உக்காந்ததும் என்னைத் திட்டினாருங்க. ‘ஏன்டா, இத்தனை பேரை ஏத்தியிருக்கியே, அறிவிருக்கா உனக்கு?’ன்னு.”

அப்போது முட்டைக்காரம்மா சிரித்தாள். ஆமாம், சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அவரேதான்! ஐயோ, அவரேதான்! பஸ்ஸுல தொத்தி ஏறிட்டு, ‘இனிமே ஒருத்தரையும் ஏத்தாதே’ன்னு கண்டக்டர்கிட்ட சண்டைபோடற ஆளு. வேற யாரு சொல்லுவா இப்படி!”

சிரித்துக்கொண்டே இருந்தாள். எப்போது அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. ஓடிப்போனவனுக்காக அழுதால் ஊர் சிரிக்கும் என்று அடக்கி வைத்திருந்தாள். வெட்டுமேஜையில் தலையைக் கவிழ்த்து, மேஜை அதிர அழுதாள். முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனைப் பார்த்துச் சொன்னாள்:

“அவரு சொன்னதை நீ கேட்டிருக்கணும்டா.”

அவ்வளவுதான். அதைவிடக் கடுமையாக எந்தக் கோர்ட்டாலும் சொல்ல முடியாது. தவளை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் அவனே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். நானும் உன் அத்தானும் கூடப் போனோம். இன்ஸ்பெக்டர் சின்னப் பையன். படகு கவிழ்ந்தபோது அரைக்கால் சட்டை போட்டிருப்பான். “செத்தவரே வந்து, செத்ததா எழுதினதை அடிக்கச் சொல்றாரு, எந்த ரிஜிஸ்டர்ல எழுதறது?” என்று ஏட்டைப் பார்த்து விழித்தான். நீலக்கோட்டுச் சட்டையைச் சாட்சியாக வாங்கிக்கொண்டு பழுப்புக் காகிதத்தில் சுற்றி முத்திரை வைத்தார்கள். அவனை உள்ளே வைத்தார்கள். கல்லறையைத் தோண்டிப் பார்க்க உத்தரவு வரவேண்டுமாம். உன்னையும் உன் வீட்டுக்காரரையும் விசாரிக்க ஆள் வரும். கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள். இன்னொரு முறை எனக்கு அழத் தெம்பில்லை.

போன சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். முட்டைக்காரம்மா ஒரு பை கொண்டுவந்திருந்தாள். உள்ளே அவள் புருஷனின் நீலச் சட்டை ஒன்று. என்றைக்காவது திரும்பி வந்தால் மாற்றுத்துணி வேண்டுமே என்று இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறாள். என்னிடம் நீட்டினாள். எனக்குக் கத்தரி எடுக்கக் கை வரவில்லை.

“போட ஆள் வரமாட்டாரு. குடுங்க” என்று கத்தரியை வாங்கி, காலர் பக்கத்திலிருந்து தானே நேராக வெட்டினாள். அந்தச் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. ஜப்பான் டீச்சர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு துண்டு அவள் போர்வைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு துண்டை என் மடியில் வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்பாவின் யூனிஃபார்ம் துணிக்குப் பக்கத்தில் வைத்துத் தைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மா கவுனுக்குப் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். இன்னும் இடம் கிடைக்கவில்லை. தையல் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வரட்டுமா என்று மூன்று கடிதத்திலும் கேட்டிருக்கிறாய். வேண்டாம். இப்போது வேண்டாம். உன்னைப் பார்த்தால் அந்தச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றவள்தான் எனக்குத் தெரிவாள். அவளோடு உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்க என்னால் முடியாது.

ஆனால் எழுது. பதில் போடுவேனா என்று தெரியாது. வந்தால் பிரித்துப் படிப்பேன்.

அக்கா